ரோட்ஸ்டர வெட்டலாமா, விடலாமா?

ஏப்ரல் வந்தா போதும். நுவரெலியால சீசன், பூக்கண்காட்சி, குதிரை ரேஸ், கிரகரி வாவி ஓரமா கால் வைக்க எடமில்லாத கூட்டம். கூடவே எனக்கு மட்டும் ஒரு கேள்வி வரும்.

"என்ன சேர், காரை இன்னும் ரேஸுக்கு ரெடி பண்ணலயா?"

பெட்ரோல் செட்ல கேக்குறாங்க. ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல கேக்குறாங்க. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல, எலையில சோறு விழுறதுக்கு முன்னாடியே பக்கத்துல இருந்தவரு கேட்டாரு. "சொக்க மாத்துங்க, கீழ எறக்குங்க, சைலன்சர தூக்கி வீசுங்க, மகாகஸ்தொட்டைல ஏத்துங்க." பாயசம் வர்றதுக்குள்ள என் காரை முழுசா பிரிச்சு மாட்டிட்டாரு மனுசன்.

(காசு நம்மளோடது இல்லன்னா மொடிஃபிகேசன் ரொம்ப லேசு.)

எரிச்சலோட வீட்டுக்கு வந்தேன். ஆனா பொய் சொல்லக்கூடாது, அந்த ஆசை எனக்கும் ரொம்ப நாளா உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதான் ஒரு தடவை ஒக்காந்து ஒழுங்கா யோசிச்சு எழுதிடலாம்னு இது.

மொதல்ல கார் என்னன்னு சொல்லிடுறேன். யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டாக்காரன் 1989ல ஜப்பான்ல விட்டது. மத்த நாடுகள்ல எம்எக்ஸ்-5, மியாட்டான்னு பேரு. 1600 சிசி, 120 குதிரை, எடை வெறும் 940 கிலோ. பின் சக்கரம் தள்ளுற வண்டி. துணிக் கூரை. ரெண்டே ரெண்டு சீட்டு. அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா வீட்டுக்காரிக்கு எடமில்ல, வீட்டுக்காரிய ஏத்துனா அம்மா அன்னைக்குப் பூரா பேசமாட்டாங்க. ஹட்டன்ல ஒரு வாத்தியாருக்கு இது தேவையான்னு கேட்டா தேவையே இல்ல. ஆனா டிக்கோயாவுக்கு மேல ஒரு வளைவுல ரெண்டாவது கியர்ல திருப்பிப் பாருங்க. அப்புறம் அந்தக் கேள்விய நீங்களே கேக்கமாட்டீங்க.

சரி, ட்ராக்குக்கு மாத்துறதுன்னா எந்த ட்ராக்குக்கு?

இதை யாருமே கேக்குறதில்ல! "ட்ராக்"னு ஒரே சொல்லா சொல்லிட்டுப் போயிடுறாங்க. நம்ம மலையில தார் போட்ட, சுத்தி வர்ற ட்ராக் ஒண்ணும் கிடையாது. இருக்குறது ஹில் கிளைம்ப். நுவரெலியா மகாகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் 1934ல தொடங்குனது. தொரைமாரு காலத்துல இருந்து தேயிலைக்கு நடுவுல போற அதே தோட்டத்து ரோட்டுல, ஒவ்வொரு காரா, கடிகாரத்தோட போட்டி போட்டு மேல ஏறுறது. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில ரதெல்லயிலயும் அப்படி ஒரு ஏத்தம் நடந்திருக்கு. சர்க்யூட்னா கீழ எறங்கணும், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை. அது விமான ஓடுபாதை. (சென்னைக்காரங்களும் ஒரு காலத்துல சோழவரத்துல பழைய விமான ஓடுபாதையிலதான் ரேஸ் விட்டாங்க. 1990லதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒழுங்கான ட்ராக் வந்துச்சு. விமானம் போனா ரேஸ்காரன் வருவான் போல.)

இந்த ரெண்டுக்கும் கார் கேக்குறது வேற வேற. இங்கதான் நெறைய பேரு காசைக் கொட்டிட்டு முழிக்குறாங்க.

ஹில் கிளைம்ப்ல எல்லாம் சட்டுனு முடிஞ்சுடும். பிரேக் சூடாகி மங்குறதுக்குள்ள ஓட்டமே முடிஞ்சுடும். எஞ்சின் ஒயில் கொதிக்கிறதுக்கும் நேரமில்ல. அங்க வேணுங்கறது கிளம்புற வேகம், கிட்டக் கிட்ட கியர், எடை கொறைவு, அப்புறம் குளிர்லயே புடிக்கிற டயர். சர்க்யூட்ல நெலமை தலைகீழ். இருவது நிமிசம் விடாம சுத்தணும். எதிரி யாருன்னா சூடு. பிரேக் சூடு, ஒயில் சூடு, டயர் சூடு, கீழ்நாட்டு வெயில்ல ஓட்டுறவனுக்கும் சூடு. ஒயில் கூலர், பெரிய ரேடியேட்டர், ரேஸ் பேட்னு செலவு அந்தப் பக்கம் போகும். ஒரே காரை ரெண்டுக்கும் தயார் பண்றேன்னு எறங்குனா காசு மட்டும் ரெண்டு பக்கமும் போகும்.

அடுத்தது குதிரை சக்தி. கல்யாண வீட்டு ஆலோசகர் சொன்னது, "பைப்பும் ஃபில்டரும் மாத்துங்க சேர், அஞ்சாறு குதிரை கூடும்."

கூடும்தான். ஆனா நம்ம ஊரு கணக்கைப் பாருங்க. நுவரெலியா உயரம் 1,868 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்குறதுல ஏறக்குறைய 83 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின், இழுக்குற காத்து கொறைஞ்சா அதே அளவு சக்தியையும் இழக்கும். ஆக, பேப்பர்ல 120 குதிரை மகாகஸ்தொட்ட அடிவாரத்துக்கு வந்து சேரும்போது 100தான். இருவது குதிரையை மலை தின்னுடுது. டர்போ வச்ச லான்சர் எவலூஷன்காரனுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்ல, அவன் டர்போ காத்தைத் திணிச்சு உள்ள தள்ளிடும்.

இப்ப ஃபில்டரும் பைப்பும் மாத்தி அஞ்சு குதிரை ஏத்த நான் கொழும்பு வரைக்கும் போயி காசு கட்டணும். அதைவிடக் கூடுதலான குதிரை, ஹட்டன்ல இருந்து கினிகத்தேனைக்கு எறங்குனாலே சும்மா வந்துடுது!

சைலன்சர் விசயத்துல இன்னொண்ணு. 2025 ஜனவரில பொலிஸ் ரோட்டுல எறங்கி, சத்தம் போடுற சைலன்சர், எக்ஸ்ட்ரா லைட்டு, எக்ஸ்ட்ரா கொம்பு எல்லாத்தையும் கழட்ட வச்சது ஞாபகம் இருக்கும். பஸ்காரங்க, த்ரீவீல்காரங்க பொலம்புன பொலம்பல் இன்னும் காதுல இருக்கு. வருசா வருசம் லைசென்ஸ் எடுக்க புகை டெஸ்ட் வேற பாஸாகணும். அந்த சத்தத்தோட ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழைஞ்சா பிள்ளைங்க கை தட்டுவாங்க, பிரின்சிபல் தட்டமாட்டாரு.

பவர் கதை இத்தோட முடிஞ்சுது. டயருக்கு வருவோம்.

செமி-ஸ்லிக்னு ஒண்ணு இருக்கு. ரோட்டுலயும் போடலாம், ட்ராக்லயும் போடலாம்னு விக்கிறாங்க. ரப்பர் மெதுவு, பள்ளம் கொறைவு. சூடானா பசை மாதிரி புடிக்கும். என் ரோட்டுல அது எங்க சூடாகும்? நான் அடிக்கடி போறது ஏ7, ஹட்டன்ல இருந்து கீழ. வழியில வட்டவளை. வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுற எடம் அது, நாட்டுலயே அதிக மழை கொட்டுற எடங்கள்ல ஒண்ணு. வைகாசி, ஆனில அங்க ரோட்டு மேல தண்ணி ஓடும்போது, பள்ளமில்லாத டயர் ரோட்டைத் தொடாது, தண்ணி மேல மெதக்கும். மேல நுவரெலியாவுக்குப் போனா ஜனவரி, பெப்ரவரி காலைல புல்லு மேல வெள்ளையா பனி ஒறைஞ்சு கிடக்கும். அந்தக் குளிர்ல அந்த ரப்பர் கல்லு மாதிரி.

ரேஸ் பிரேக் பேடும் இதே கதைதான். சூடாகுற வரைக்கும் அது கடிக்காது. காலைல ஆறரைக்கு மொத வளைவுல மொத பிரேக்க அமுக்குறப்ப, எதிர்ல கொழுந்து லொறி வந்தா, "கொஞ்சம் இருங்க, பேட் இன்னும் சூடாகல"ன்னு லொறிக்காரர்கிட்ட சொல்ல முடியுமா?

சொக். காயிலோவர் போட்டு ரெண்டு அங்குலம் எறக்கி, ஸ்பிரிங்க விறைப்பாக்குறது. வழுவழுன்னு தார் போட்ட ட்ராக்ல அது அழகு. நம்ம தோட்டத்து ரோட்டுல டயர் ஒவ்வொரு குழியிலயும் துள்ளும். தரையில இல்லாத டயருக்கு என்ன புடிப்பு? அத்தை வீடு லயத்துக்கிட்ட. அங்க ஏறுற கொங்கிரீட் ரோட்டுல, போக்கைத் தாண்டுற எடத்துல இப்பவே அடிப்பக்கம் ஒரசுது. ரெண்டு அங்குலம் எறக்குனா அத்தை வீட்டுக்கு நடந்துதான் போகணும். (அத்தை சமைக்கிற கருவாட்டுக் குழம்புக்காக நடக்கலாம், அது வேற விசயம்.)

இதுக்கு நடுவுல கோயம்புத்தூர் கதைய சொல்லணும்.

அப்பாவோட மாமா குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பலேறிப் போனவங்க. 1964ல கையெழுத்தான ஒப்பந்தம், அதுக்கப்புறம் வருசக்கணக்கா நம்ம சனத்த பிரிச்சுக் கொண்டுபோச்சு. அவங்க நீலகிரில தேயிலைத் தோட்டத்துலயே வேலைக்குச் சேந்து, பிள்ளைங்க காலத்துல கோயம்புத்தூருக்கு எறங்கிட்டாங்க. அந்த வீட்டுப் பேரன் எனக்கு மச்சான் முறை. கார்ப் பைத்தியம். (ரத்தத்துல இருக்கு போல.) அவன்தான், "மச்சான், வெட்டுறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு தடவை ட்ராக்ல ஓட்டிப் பாரு"ன்னான்.

செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர். 2003ல தெறந்தது. பேரு கரிவர்தன் ஞாபகமா வச்சது. ரேஸ் ஓட்டினவரு, காரும் கட்டினவரு. மாருதி 800 எஞ்சின வச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சு, பெரும் பணக்காரங்க மட்டும் ஆடுன ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெறந்து விட்டவரு. 1995ல சின்ன விமானம் விழுந்து செத்துப் போனாரு, ட்ராக்கைப் பாக்காமலே. அதே கோயம்புத்தூர்ல இருந்து போனவருதான் நரேன் கார்த்திகேயன், 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டுன மொத இந்தியர். அந்த ஊர்ல பஞ்சாலை மெசினும் பம்பு செட்டும் செய்யுற கைங்கதான் ரேஸ் காரையும் செஞ்சுதுன்னு மச்சான் பெருமையா சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நமக்கு 1934ல இருந்து ரேஸ் இருக்கு. தேயிலை நட்ட கையி நம்மளோடது, ஸ்டியரிங் புடிச்சது வேற யாரோ.

அங்க பயிற்சிக்குன்னு வச்சிருக்குற ஒத்தை சீட்டு கார்ல ஒக்கார வச்சாங்க. ஒக்கார வைக்கலங்க, திணிச்சாங்க. பவர் ஸ்டியரிங் இல்ல, ஏபிஎஸ் இல்ல, பிரேக் பெடல் செங்கல்ல காலை வச்ச மாதிரி.

எல்லாரும் சொல்லுவாங்க, "மொதல்ல ஓட்டுறவன மாத்து, அப்புறம் காரை மாத்து, பயிற்சி எடுத்தா மொடிஃபிகேசன் ஆசையே போயிடும்"னு. நானும் அப்படித்தான் நெனச்சுப் போனேன். திரும்பி வந்து ரோட்ஸ்டர்ல ஏறி ஒக்காந்ததும் நேர் எதிரா ஆச்சு. சீட்டு என்னைப் புடிக்கவே இல்ல, வளைவுல கதவுல சாயுறேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. முன்னாடி தெரியாத கொறை எல்லாம் இப்ப ஒண்ணு ஒண்ணா தெரியுது. ஆசை கூடிப்போச்சு! என்ன ஒரு நல்லதுன்னா, கூடுன ஆசையில குதிரை சக்திங்கறதே இல்ல. பெடல் கெட்டியா இருக்கணும், ஒடம்பு சீட்டுல நிக்கணும், அவ்வளவுதான்.

பெடல் கெட்டியாகுறதுக்கு ரேஸ் சாமான் வேணாம். பிரேக் ஒயில் மாத்துனா போதும். இந்த ஒயில் காத்துல இருக்குற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும். தரக் கணக்குப்படி டொட் 3 ஒயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 பாகை வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிட்டா அந்த எல்லை 140. டொட் 4க்கு 230, 155. டொட் 5.1க்கு 260, 180. கொதிச்சா உள்ள ஆவிக் குமிழ் வரும், பெடல் தரையைத் தொடும், கார் நிக்காது. வட்டவளை ஈரத்துல வாழுற காருக்கு ஒயில் எப்படி இருக்கும்னு யோசிங்க. ட்ராக்குக்குப் போறவனுக்கு மட்டும் உள்ள விசயமில்ல இது. ரம்பொடையில இருந்து கீழ எறங்குறவன், ரதெல்ல குறுக்கு வீதில எறங்குறவன் எல்லாருக்கும் உள்ளது. 2023 ஜனவரில அந்த ரதெல்ல எறக்கத்துலதான் பாடசாலைப் பிள்ளைங்க போன பஸ், வேனோடயும் த்ரீவீலோடயும் மோதி 7 பேரு போனாங்க. அந்த எடத்தைத் தாண்டும்போதெல்லாம் ரெண்டாவது கியருக்கு கை தானா போகும்.

இனி பெரிய விசயம். ரோல் பார்.

துணிக் கூரைக் காரு. கவுந்தா தலைக்கு மேல ஒண்ணுமில்ல, முன் கண்ணாடி ஃபிரேம் தாங்காது. அதனால ட்ராக்குக்குப் போறதுன்னா சீட்டுக்குப் பின்னால இரும்பு வளைவு ஒண்ணு கட்டாயம் வேணும். எங்க கராஜ் பாஸ்கிட்ட கேட்டேன். அவரு ஒண்ணும் பேசல. ஹெல்மெட்ட போட்டு சீட்டுல ஒக்காரச் சொன்னாரு. பின்னால ரோல் பார் வர்ற உயரத்துக்கு ஒரு பையன் கைய வச்சான். அங்க இருந்து முன் கண்ணாடி உச்சி வரைக்கும் பாஸ் தும்புத்தடிய நீட்டுனாரு. ஹெல்மெட் அந்தத் தடிக்குக் கீழ இருக்கணும், அதுதான் கணக்கு.

தடி என் ஹெல்மெட்டுல டொக்குன்னு இடிச்சுது.

"சேர் கொஞ்சம் உயரம்"னாரு பாஸ். "சீட்டு பஞ்சை வெட்டி எறக்கலாம். இல்லாட்டி சேரை எறக்கணும்."

சிரிப்பு ஒரு பக்கம். அவரு அடுத்து சொன்னதுதான் என்னைய நிப்பாட்டுச்சு. ட்ராக்ல ஹெல்மெட்டோட ஓட்டும்போது அந்தக் கம்பி உசிரைக் காப்பாத்தும். ரோட்டுல யாரு ஹெல்மெட் போட்டு கார் ஓட்டுறா? பின்னால இருந்து ஒரு பஸ் இடிச்சா, வெறும் தலை போயி மோதுறது அதே கம்பிலதான். மேல பேட் சுத்தலாம், அடி கொறையும், இல்லாமப் போகாது. பக்கத்து சீட்டுல அம்மா. நாலு முனை பெல்ட்டுக்கும் இதே சிக்கல். ரோல் பார் இல்லாம அத மட்டும் கட்டுனா, கவுறப்ப ஒடம்பு குனியக்கூட விடாது.

"வெல்டிங் பண்ணி முழுக் கூண்டு போட்டா?"

"போடலாம் சேர். வெட்டுனா பிறகு பழசு போல ஆக்க ஏலாது."

இது சாதாரணப் பேச்சு இல்ல. 2020 மார்ச்ல நிறுத்துன வாகன இறக்குமதி, தனியாருக்குக் கார் கொண்டுவர 2025 பெப்ரவரில தான் திரும்பத் தெறந்துச்சு. தெறந்த பெறகும் வரியைப் பாத்தா தலை சுத்துது. இந்த ஒண்ண வெட்டிட்டு இன்னொண்ணு வாங்குற வசதி எனக்குக் கிடையாது. கழட்டி மறுபடி மாட்டக்கூடியது எதுவா இருந்தாலும் பேசலாம், வெல்டிங் டோர்ச்சோட பேச்சு இல்லன்னு அன்னைக்கே முடிவாச்சு.

அப்ப கணக்கு இப்படி வருது. ரோல் பார் இல்லாம இந்தக் காரு ட்ராக்குக்குப் போகக்கூடாது. ரோல் பார் போட்டா அம்மாவ ஏத்தக்கூடாது. நடுவுல ஒரு வழி இருக்கும்னு ரொம்ப நாள் தேடுனேன், இல்ல.

இன்னொண்ணும் மனசுல இருக்கு. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸ். ஒரு கார் தடம் மாறி சனத்துக்குள்ள போயி 7 பேரு செத்தாங்க, அதுல ஒரு சின்னப் பிள்ளை. "ரோட்டுல வேகமா ஓட்டாத, ரேஸ்ல போயி ஓட்டு"ன்னு பசங்ககிட்ட நான்தான் சொல்றவன். இப்பவும் சொல்றேன். ஆனா நம்ம நாட்டுல ரேஸ் பாக்குற சனம் எங்க நிக்குது, நடுவுல என்ன தடுப்பு இருக்குன்னு பாக்காம, காருக்குள்ள என்ன மாட்டலாம்னு மட்டும் பேசுறது எனக்கு இப்பெல்லாம் ஒட்டல. மகாகஸ்தொட்டைலயும் தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னு பாத்த ஆளுதான் நான்.

அதனால முடிவு. கல்யாண வீட்டு அண்ணே, கேட்டுக்கங்க.

ரோட்ஸ்டர் ரோட்டுக் காராவே இருக்கும். ட்ராக் ஆசை வந்தா கோயம்புத்தூருக்கு டிக்கெட், மச்சான் வீட்டுல சாப்பாடு, அடுத்தவன் காரு. ஃபில்டர், சைலன்சர், எறக்குறது, கூண்டு எதுவும் கிடையாது. பிரேக் ஒயில் டொட் 5.1, வருசா வருசம் மாத்துறது. பிரேக் பேட், குளிர்லயும் கடிக்கிற ரோட்டு பேட்லயே கொஞ்சம் நல்லது. டயர், மழைக்கு நல்லதா 14 அங்குலத்துலயே. அப்புறம் ஒழுங்கான எலைன்மென்ட். சீட்டு மட்டும் கொஞ்சம் இறுக்கிப் புடிக்கிற மாதிரி வேற பாக்குறேன், பழசு அலுமாரிக்கு மேல பத்திரமா இருக்கும். (வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லல.)

பேட் வந்துடுச்சு, பாஸ் மாட்டியும் குடுத்துட்டாரு. இப்ப ஒரே ஒரு சிக்கல். புது பேட்டைப் பழக்கணும். கொஞ்சம் வேகமா போயி, முழுசா நிக்காம பிரேக் புடிச்சு, திரும்ப வேகமெடுத்து, திரும்பப் புடிச்சுன்னு கொஞ்ச தடவை செய்யணும், அப்புறம் ஆற விடணும். அதுக்கு நேரா, சமமா, ஆள் நடமாட்டமில்லாத ஒரு ரோட்டுத் துண்டு வேணும்.

ஹட்டன்ல இருந்து நுவரெலியா வரைக்கும் அப்படி ஒண்ணு எங்கயாவது இருந்தா சொல்லுங்க. கிரகரி வாவி ஓரம்னு மட்டும் சொல்லாதீங்க, இந்த மாசம் அங்க குதிரை வண்டிதான் முன்னுக்குப் போகுது.